செராஸ் போய் வந்தேன்

"உங்க மகன எந்தப் பள்ளிக்கூடத்துல சார் போட்டீங்க?"

எங்கள் தோட்டத்துக் கடை வாசலில் ஒரு மாலை நேரத்தில் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. பகலெல்லாம் வெயிலில் நின்று வேலை பார்த்துவிட்டு, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, என்னைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தார். அவருடைய மகளுக்கு ஆறு வயது ஆகப் போகிறது. முதலாம் ஆண்டுக்கு முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளியிலேயே சேர்ப்பதா, பட்டணத்துப் பள்ளிக்கு அனுப்புவதா என்று என்னிடம் யோசனை கேட்டார்.

எத்தனையோ பெற்றோருக்குச் சொன்ன பதிலை அவருக்கும் சொன்னேன். தாய்மொழியில் தொடங்கும் கல்விதான் மனத்தில் பதியும் என்றேன். நம் பள்ளியில் படித்தவர்கள் இன்று எந்தெந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டதில் குத்தல் ஏதும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

என் மகன் பட்டணத்துத் தேசியப் பள்ளியில் படித்தவன். எனக்கு நா எழவில்லை. "செராசுல ஒரு பயிற்சி இருக்குங்க. போயிட்டு வந்து சொல்றேன்" என்று ஏதோ சமாளித்துவிட்டு வீடு திரும்பினேன். பயிற்சிக்கும் அவர் கேள்விக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் வாசகர்களே, தொடர்பு இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கொங்கோவும் செராசும்

உலு சிலாங்கூர்ப் பக்கத்திலிருந்து இரயிலேறி, கோலாலம்பூர் வந்து, மாறி, பண்டார் துன் ரசாக் நிலையத்தில் இறங்கினேன். செராஸ் என்பது ஓர் ஊர் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். அது ஒரு பெரும் பகுதி. பாதி கோலாலம்பூரைச் சேர்ந்தது. மீதி சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்தது. பால்மரமும் ஈயச் சுரங்கமும் இருந்த பூமியில் இன்று அடுக்குமாடிகளும் நெடுஞ்சாலைகளும் நிற்கின்றன. புதன்கிழமை இரவில் தாமான் கன்னோட் இரவுச் சந்தைக்குப் போனால், ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வருவதற்குள் கால் வலி எடுத்துவிடும். அத்தனை நீளம்.

நான் இறங்கிய பண்டார் துன் ரசாக்கின் பழைய பெயர் கம்போங் கொங்கோ. 1960களில் ஐக்கிய நாட்டு அமைதிப் படையில் சேர்ந்து நம் நாட்டு வீரர்கள் ஆப்பிரிக்காவின் கொங்கோ நாட்டுக்குச் சென்றார்கள் அல்லவா? அதன் நினைவாக வந்த பெயர் அது. வெளிநாடு போனவர்கள் திரும்பி வந்து சொந்த ஊருக்கு வைத்த பெயர் என்று எண்ணிக்கொண்டே, தங்கும் விடுதிக்கு நடந்தேன். வெளிநாட்டைப் பார்த்து வந்தவர்கள் ஊருக்கு எதைக் கொண்டுவர வேண்டும் என்ற கேள்வி அடுத்த மூன்று நாளும் என்னை விடப் போவதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பட்டியலும் பெருமூச்சும்

பயிற்சியின் முதல் நாளே, பேச வந்தவர் திரையில் ஒரு பட்டியலைக் காட்டினார். பதினைந்து வயது மாணவர்களுக்கு உலக அளவில் நடத்தப்படும் 'பிசா' ஆய்வின் பட்டியல் அது. எந்த நாடு மேலே, எந்த நாடு கீழே என்று கோடு போட்டுக் காட்டினார். 2000ஆம் ஆண்டு நடந்த முதல் ஆய்விலேயே பின்லாந்து பெரும் பெயர் பெற்றது. அன்று தொடங்கிய புகழ், அந்நாட்டின் மதிப்பெண் பின்னாளில் இறங்கிய பிறகும் குறையவில்லை. அங்கே பிள்ளைகள் ஏழு வயதில்தான் பள்ளி சேருகிறார்கள். 1948 முதல் பள்ளியில் மதிய உணவு இலவசம். ஆசிரியர்களுக்கு நல்ல மதிப்பு. இதையெல்லாம் அவர் அடுக்கடுக்காகச் சொல்லச் சொல்ல, மண்டபத்தில் இருந்த நாங்கள் பெருமூச்சு விட்டோம்.

பக்கத்தில் இருந்த ஆசிரியை என் காதோரம், "என் வகுப்புல மின்விசிறி ஓடுறதே பெரிய பாடு சார். இதுல பின்லாந்துக்கு எங்க போறது?" என்றார். சிரித்துவிட்டோம். ஆனால் எனக்குள் அந்தத் தோட்டத்துத் தந்தையின் முகம் வந்து நின்றது. அவரும் இதைத்தானே செய்கிறார்? தோட்டப் பள்ளியையும் பட்டணத்துப் பள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மேலே, எது கீழே என்று பார்க்கிறார். ஒப்பிட்டுப் பார்ப்பது தவறா? தவறில்லை. பிள்ளையைப் பெற்றவர் ஒப்பிடத்தான் செய்வார். எப்படி ஒப்பிடுவது என்பதைத்தான் அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மாலையில் காலாற நடந்தேன். யாக்கோப் லத்திப் சாலையில் இல்மு காஸ் ஆசிரியர் கல்விக் கழகத்தின் வாயிலைக் கடந்தபோது, பயிற்சி மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நாடு சுதந்திரம் அடையும் காலத்தில் மலாயா ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க இங்கிலாந்திலேயே கல்லூரிகள் இருந்தன. ஒன்று லிவர்பூல் அருகே கிர்க்பியில்; இன்னொன்று உல்வர்ஹாம்டன் அருகே பிரின்ஸ்போர்டு லாட்ஜில். 1956 பிப்ரவரியில் துங்கு அப்துல் ரகுமான், சுதந்திரத்துக்குக் குறித்த நாளை அந்தக் கிர்க்பி மாணவர்களிடந்தான் எடுத்துச் சொன்னார். அன்று கப்பலேறிப் போய்ப் படித்தார்கள். இன்று செராசிலேயே படிக்கிறார்கள். கடல் கடந்து போய் வந்த அந்த ஆசிரியர்கள் அங்கே கண்டதை இங்கே என்ன செய்தார்கள் என்று யோசித்தபடி விடுதிக்குத் திரும்பினேன்.

பந்தாய்ப் பள்ளத்தாக்கில் ஒரு பழைய மாணவி

மூன்றாம் நாள் நண்பகலோடு பயிற்சி முடிந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் படிக்கும் என் பழைய மாணவி ஒருத்திக்கு நான் வந்திருக்கும் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. "சார், இவ்வளவு தூரம் வந்துட்டு எங்க பல்கலைக்கழகத்தப் பாக்காமப் போகக் கூடாது" என்று தொலைபேசியில் கண்டிப்பாகச் சொன்னாள். பால்மரம் வெட்டியவரின் பேத்தி. எங்கள் தோட்டப் பள்ளியில் என்னிடம் நாலாம் ஆண்டு படித்தவள். பேச்சைத் தட்ட முடியவில்லை.

பண்டார் துன் ரசாக்கில் ஏறி, மஸ்ஜித் ஜாமெக்கில் மாறி, பிரிக்பீல்ட்சை ஒட்டிய சென்ட்ரல் நிலையத்தைத் தாண்டி, யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கினேன். காத்திருந்தாள். அங்கிருந்து பேருந்தில் லெம்பா பந்தாய் வளாகத்துக்குள் அழைத்துப் போனாள். ஏரிக்கரையில் சிறிது நேரம் உட்கார்ந்தோம். அப்போது அவள் சொன்ன ஒரு செய்தியை நான் அரைகுறையாகத்தான் அறிந்திருந்தேன்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தோன்றியது. அங்கே இந்திய ஆய்வியல் துறை தொடங்குவது பற்றிப் பேச்சு எழுந்தபோது, தமிழுக்கு முதலிடமா, சமற்கிருதத்துக்கு முதலிடமா என்று ஒரு விவாதமும் எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வரிந்து கட்டினார். பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்களைக் குவிப்பதற்காகத் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதி திரட்டப்பட்டது. ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்டார்கள். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் உழைக்கும் மக்கள் கொடுத்தார்கள். 1956இல் துறை பிறந்தது. பிறகு கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது.

"எங்க தாத்தாவும் ஒரு வெள்ளி கொடுத்தாராம் சார். பாட்டி சொல்வாங்க" என்றாள் அவள். அன்றைய தினக்கூலிக்கு ஒரு வெள்ளி சின்னக் காசு அன்று. கொடுத்தவர் பல்கலைக்கழகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. பேத்தி அங்கே என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பாடம் சொல்கிறாள்!

மாநாட்டுக்காரர் அல்லர், வாத்தியார்

பிறகு அவள் தன் பையிலிருந்து, தான் எழுதிக்கொண்டிருக்கும் ஆய்வேட்டுக் குறிப்புகளை எடுத்தாள். தலைப்பைப் பார்த்தேன். தனிநாயகம் அடிகள்.

அடிகளார் பெயரைக் கேள்விப்படாத தமிழாசிரியர் உண்டா? சேவியர் தனிநாயகம் அடிகள், 1961இல் இதே துறைக்குத் தலைவராக வந்தவர். 1964 ஜனவரியில் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றப் பாடுபட்டவர்களில் முதல்வர். 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டின் உயிர்நாடி. துங்கு திறந்து வைத்த மாநாடு அது. நாங்கள் பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்த அந்த மாநாட்டைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் திருவிழாவைப் போலப் பேசுவார்கள். ஆகவே என் மனத்தில் அடிகளார் மாநாட்டு மேடையில் நிற்கும் ஒருவராகவே இருந்து வந்தார்.

"மாநாடு நடத்தினத எல்லாரும் எழுதிட்டாங்க சார். நான் எழுதறது வேற. அவரு ஒரு வாத்தியார். கல்வியியல் விரிவுரையாளர். அதத்தான் எழுதறேன்" என்றாள் மாணவி.

அவள் சொல்லியும், அவள் காட்டிய நூல்களைப் புரட்டியும் நான் அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அடிகளார் 1913 ஆகஸ்டு 2இல் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைத் தீவில் கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தார். குருத்துவக் கல்விக்காக 1934இல் உரோமாபுரி சென்றார். இலத்தீன் முதலாகப் பல ஐரோப்பிய மொழிகளைக் கற்றுக் குருவானவரானார். திரும்பி வந்ததும், திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற சிற்றூரில் புனித தெரேசாள் பள்ளியில் 1940 முதல் ஆசிரியப் பணி. துணைத் தலைமையாசிரியர் பொறுப்பு. இத்தனை மொழி கற்றவருக்குத் தம் சொந்த மொழியின் பழைய இலக்கியம் முறையாகத் தெரியாது. ஒரு கிராமத்துப் பள்ளியில் நின்றபோதுதான் அந்தக் குறை அவருக்கு உறைத்தது. வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்கவில்லை. அப்பள்ளியின் தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராக உட்கார்ந்து பாடம் கேட்டார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 27.

அந்தப் பாடம் அவரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு இழுத்துச் சென்றது. அதன் பின் உலகப் பயணம். அமெரிக்கா, ஜப்பான் என்று பல நாடுகளில் தமிழைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். எந்தத் துறையில் தெரியுமா? தமிழ்த் துறையில் இல்லை, கல்வித் துறையில்! ஆசிரியர்களுக்குக் கல்வியியல் சொல்லிக் கொடுத்தவர் அவர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் கல்வி நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை.

தராசின் மறு தட்டு

பல நாட்டுக் கல்வியை ஒப்பிட்டு ஆராய்வதற்கு ஒப்பியல் கல்வி என்று பெயர். 1817இல் பிரான்சு நாட்டு ஜுல்லியன் என்பவர் அதற்குக் கால்கோள் இட்டார். எந்த நாட்டில் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று கேள்விப் பட்டியல் போட்டுச் செய்தி திரட்ட வேண்டும் என்பது அவர் திட்டம். 1900இல் இங்கிலாந்தின் மைக்கேல் சாட்லர், கில்ட்போர்டு நகரில் பேசிய பேச்சில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். அயல்நாட்டுக் கல்வி ஒரு தோட்டம் போன்றது. ஒரு செடியில் பூவையும் இன்னொரு செடியில் இலையையும் பறித்து வந்து நம் மண்ணில் ஊன்றினால் செடி முளைத்துவிடாது என்பது அவர் கருத்து. பள்ளிக்கு வெளியே, வீட்டிலும் தெருவிலும் இருப்பதுதான் பள்ளிக்குள் நடப்பதைத் தீர்மானிக்கிறது என்றும் அவர் நம்பினார். இந்தச் சாட்லர்தான் பின்னர் 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணையத்துக்குத் தலைவராக இந்தியா வந்தவர்.

அடிகளார் இந்தத் துறைக்குச் செய்த பணி என்ன? தராசில் காலியாக இருந்த ஒரு தட்டை நிரப்பினார். பழங்காலக் கல்வி என்றால் மேல்நாட்டார் கிரேக்கத்தையும் உரோமையும் பேசுவார்கள். பழைய இந்தியக் கல்வி என்றால் வடமொழி, பாலி நூல்களையே புரட்டுவார்கள். தமிழ் இலக்கியத்திலும் கல்வி வரலாறு இருக்கிறது, அதையும் சேர்க்காமல் இந்தியக் கல்வி வரலாறு முழுமை பெறாது என்று சான்றுகளோடு எழுதியவர் அவர். பழந்தமிழ்ச் சமுதாயத்தின் ஆசிரியர்கள் யார் என்று தேடினார். ஊர் ஊராகப் போய்ப் பாடிய பாணர்களையும், அவர்களுக்குப் பின் சிறப்புப் பெற்ற புலவர்களையும் மக்களின் ஆசிரியர்களாகக் கண்டார். கிரேக்கத்திலும் அயர்லாந்திலும் காப்பியம் பாடித் திரிந்தவர்கள் இருந்தார்கள் அல்லவா? அவர்களோடு ஒரே வரிசையில் நம் பாணரும் போய் உட்கார்ந்துகொண்டார்.

இதைப் படித்தபோது சங்கப் புலவர் பெயர்களை நான் புதுக் கண்ணோடு பார்த்தேன். மதுரைக் கணக்காயனார் என்று ஒருவர். கணக்காயர் என்றால் பள்ளி ஆசிரியர். மதுரை இளம்பாலாசிரியன் என்று இன்னொருவர். சிறு பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். தானியம் விற்றவர், மருத்துவம் பார்த்தவர், பெண்கள் என்று எத்தனை வகைப் புலவர்கள்! ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்ற பாண்டிய மன்னன், ஆசிரியருக்கு உற்ற இடத்தில் உதவியும் பொருள் கொடுத்தும் கற்க வேண்டும், பிறப்பால் தாழ்த்தப்பட்டவன் கற்றுவிட்டால் மேலே உள்ளவனும் அவனிடம் போய் நிற்பான் என்ற கருத்தைப் புறநானூற்றில் பாடிவைத்தான். தோட்டத்துப் பிள்ளைக்குப் பாடம் நடத்தும் எனக்கு இதைவிடத் தெம்பூட்டும் செய்தி வேறென்ன வேண்டும்?

அடிகளார் பெருமை பேசுவதோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய தொடக்கப் பேருரை, இந்தியச் சிந்தனையையும் உரோமானியரின் ஸ்டாயிக் தத்துவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தது. ஒன்றை உயர்த்த மற்றொன்றைத் தாழ்த்துவது அவர் வழக்கம் இல்லை. 1554இல் லிஸ்பனில் அச்சான 'கார்த்தில்யா' என்ற சிறு நூல் இருக்கிறது. தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அச்சிட்டு, போர்த்துகீசிய மொழியில் பொருள் தந்து, சமயப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நூல். அதைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். 1679ஆம் ஆண்டின் புரோவென்சா பாதிரியார் தமிழ் – போர்த்துகீசிய அகராதியை 1966இல் மலாயாப் பல்கலைக்கழகம் மறுபதிப்பாக வெளியிட்டதும் அவரது முயற்சியே. அயலார் நம்மிடம் எப்படிக் கற்றார்கள் என்பதும் ஒப்பிட வேண்டிய கல்விதானே?

1969இல் கோலாலம்பூரை விட்டுச் சென்ற அடிகளார், 1980 செப்டம்பர் 1இல் யாழ்ப்பாணத்தில் மறைந்தார்.

பின்லாந்தை மீண்டும் பார்த்தேன்

அன்றிரவு தோட்டத்துக்குத் திரும்பும் இரயிலில் கூட்டம் குறைவு. சன்னலோரம் உட்கார்ந்து, செராஸ் மண்டபத்தில் பார்த்த பட்டியலை அடிகளார் வழியில் மறுபடியும் யோசித்துப் பார்த்தேன்.

பின்லாந்தில் சுவீடிய மொழி பேசுவோர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொடக்கப்பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை சுவீடிய மொழியிலேயே கல்வி உண்டு. பட்டியலைக் காட்டியவர் இதைச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. உலகமே பாராட்டும் நாடு சிறுபான்மையோரின் மொழிப் பள்ளியைச் சுமையாக நினைக்கவில்லை. ஆனால் அவசரப்பட்டு இதைத் தூக்கிக்கொண்டு ஓடிவரவும் கூடாது. அங்கே சுவீடியம் நாட்டின் இரு தேசிய மொழிகளில் ஒன்று. அதன் வரலாறு வேறு. சாட்லர் சொன்ன தோட்டம் இதுதான். பூவைப் பறிக்காமல், அந்த மண்ணில் அது எப்படிப் பூத்தது என்று பார்க்க வேண்டும்.

வேல்ஸ் நாட்டையும் நினைத்தேன். வேல்ஸ் மொழி தேய்ந்துகொண்டிருந்த காலத்தில், 1939இல் அபெரிஸ்ட்வித் என்ற ஊரில் வேல்ஸ் வழித் தொடக்கப்பள்ளி ஒன்று ஆரம்பமானது. முதல் நாள் வந்த பிள்ளைகள் ஏழே பேர். இன்று வேல்ஸ் வழிப் பள்ளிகள் நாடெங்கும் நடக்கின்றன. எங்கள் தோட்டப் பள்ளியில் 23 பிள்ளைகள். இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்துகிறோம். ஏழோடு ஒப்பிட்டால் 23 பெரிய தொகை அல்லவா? ஆனால் அந்த ஏழு பேரின் பெற்றோர் வேண்டுமென்றே பிள்ளைகளை அனுப்பினார்கள். வழியில்லாமல் அனுப்பவில்லை. எண்ணிக்கையைவிட அதுதான் முக்கியம் என்று எனக்குப் பட்டது.

நம் பள்ளிகளின் வரலாறோ வேறு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்று கட்டளையிட முடியும். கட்டாயத்துக்காகக் கட்டிய கொட்டகைகளில், சில இடங்களில் கணக்குப்பிள்ளையே வாத்தியாராக நின்று நடத்திய பள்ளிகள் நம்முடையவை. யாரும் ஆசையாக வைத்த பள்ளி அல்ல. நம்மவர்கள் ஆசையாகக் காப்பாற்றிய பள்ளி. ஒரு வெள்ளி கொடுத்த தாத்தாவைப் போன்றவர்கள் காப்பாற்றியது. பட்டணத்துப் பள்ளியோடு நம் பள்ளியை ஒப்பிடும்போது கட்டடத்தையும் கணினியையும் மட்டும் தராசில் வைத்தால், இந்த வரலாறு எந்தத் தட்டில் ஏறும்?

நான் சொன்ன பதில்

திங்கட்கிழமை மாலை அந்தத் தந்தையைத் தேடி நானே லயத்துக்குப் போனேன். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். குழந்தை கதவோரம் நின்று பார்த்தது.

"என் மகன் பட்டணத்துப் பள்ளியிலதான் படிச்சான். வீட்டுக்காரம்மாவுக்கு அங்க வேல. கூட்டிட்டுப் போய் வர வசதின்னு சேர்த்தோம். அது பாதி உண்மைதான். மீதி, எனக்கே பயம். நம்ம பள்ளி மேல எனக்கே நம்பிக்க போதல" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் தொடர்ந்து சொன்னேன். மகன் நன்றாகப் படிக்கிறான். மலாய் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எல்லா இனத்திலும் நண்பர்கள். அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் என் தாயார் மருத்துவமனையில் இருந்தபோது, தமக்குத் தேவையானதை ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழ்திக் கொடுத்தார். அதை வாங்கிய பேரனுக்குப் படிக்கத் தெரியவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். ஒரு வாத்தியாரின் மகன்! வரவையும் எழுதியாகிவிட்டது, செலவையும் எழுதியாகிவிட்டது. இனி நீங்கள் முடிவு செய்யுங்கள் என்றேன்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார் அவர்.

ஒரு வாரம் கழித்து அவர் கைப்பேசியோடு பள்ளிக்கு வந்தார். பதிவை நான்தான் நிரப்பித் தர வேண்டும் என்றார். எந்தப் பள்ளி என்று கேட்டேன்.

"இங்கதான் சார். ஆனா ஒண்ணு. எம் பொண்ணு மலாயிலயும் இங்கிலீசிலயும் பின்னால நிக்கக் கூடாது. நான் ஆறாம் வகுப்பு முடிச்சதும் புகுமுக வகுப்புல ஒரு வருசம் உக்காந்தேன். அந்த வெக்கம் அவளுக்கு வேணாம். நீங்க வாக்குக் குடுங்க."

வாக்குக் கொடுத்தேன். அடிகளாரும் ஒரு மொழியோடு நின்றவர் அல்லர். கற்ற ஒவ்வொரு மொழியும் அவருக்கு மற்றதைப் பார்க்க உதவியது. இப்போது வாரத்தில் மூன்று மாலை பள்ளி முடிந்தபின் மலாயும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தக் குழந்தை இன்னும் பள்ளிக்கே வரவில்லை; வருவதற்குள் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டியது நான்தான்.

வீட்டில் இன்னொரு வகுப்பும் நடக்கிறது. மாணவன் ஒருவன்தான், வயது 16. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம். உயிரெழுத்து முடிந்து மெய்யெழுத்துக்கு வந்திருக்கிறோம். "இந்த வயசுலயா அப்பா?" என்று முதல் நாள் சலித்துக்கொண்டான். வடக்கன்குளத்தில் 27 வயதில் பண்டிதர் முன் உட்கார்ந்த ஒரு வாத்தியாரின் கதையைச் சொன்னேன். அதன் பிறகு அவன் கேட்கவில்லை.